வலப்பக்கம் திருப்பினால் பின்னால் ஓடும் குமிழ்

‘டிரான்ஸீவரின் டியூனிங் குமிழை மெதுவாகத் திருப்பினால் அதிர்வெண் நின்ற இடத்திலேயே துள்ளுகிறது. வேகமாகத் திருப்பினால் சில சமயம் பின்னால் ஓடுகிறது. மரக்காணம் உப்புக் காற்றுதான் காரணமா?’ இடையஞ்சாவடியிலிருந்து ஹாம் (அமெச்சூர்) வானொலிக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பாதிக் காரணம் உப்பு. மீதிப் பாதிக்கு உப்பின் மேல் பழி போட முடியாது.

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானாலே நாளிதழ்களில் ஹாம் வானொலி பற்றி ஒரு பெட்டிச் செய்தி முளைத்துவிடும். 2020 நவம்பரில் நிவர் இந்தக் கரையைத்தான் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சலும் புதுச்சேரி அருகே ஏறியது. செல்போன் கோபுரம் சாய்ந்தாலும் ஹாம் பேசுவார் என்பது பெட்டிச் செய்தியின் சாரம். அது பொய்யல்ல. 2004 சுனாமி அன்று போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகுக்குத் தகவல் சொன்னவர்களில் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் பாரதி பிரசாத்தும் அவர் குழுவினரும் முக்கியமானவர்கள். ஆனால் அவர்கள் மீட்புப் பணிக்குப் போனவர்கள் அல்லர். அந்தமானிலிருந்து உலக ஹாம்களுடன் பேசுவதற்காக அந்த மாதத் தொடக்கத்திலேயே அனுமதியோடு போய், ஆன்டெனா கட்டி, கருவிகளை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். அலை வந்த நாளில் எல்லாம் தயாராக இருந்தது. அப்படித் தயாராக இல்லாமல், சொன்ன அலைவரிசையில் நிற்காத டிரான்ஸீவர் (பேசவும் கேட்கவும் உதவும் ஒரே பெட்டி) புயலுக்கு உதவாது.

பழைய வால்வு செட்டில் குமிழுக்கும் அலைவரிசைக்கும் நேரடி உறவு இருந்தது. குமிழைச் சுற்றினால் நூல் இழுபடும், கேங் கண்டன்சரின் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும், அதிர்வெண் மாறும். இன்றைய குமிழ் எதையும் நகர்த்துவதில்லை. ‘ஒரு படி மேலே’, ‘ஒரு படி கீழே’ என்று உள்ளிருக்கும் சில்லுக்குத் தகவல் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. அந்தச் சின்ன உறுப்புக்கு ரோட்டரி என்கோடர் என்று பெயர். அதற்குள் இருப்பவை ஒரு பொதுமுனையும் இரண்டு தொடுமுனைகளும் மட்டுமே. இரண்டே தொடுமுனைகள் எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதை எப்படிச் சொல்கின்றன? இந்த விவகாரத்தில் ரசிக்க வேண்டிய இடம் அதுதான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு டீக்கடை, சற்று வடக்கே ஒரு பங்க்சர் கடை. உப்பு லாரிகள் வரிசையாகப் போகின்றன. ஒவ்வொரு லாரியும் இரண்டு கடைகளையும் சேர்த்து மறைக்கும் நீளம். லாரிகளுக்கு நடுவில் அதே அளவு இடைவெளி. எதிர்ச்சாரி தெரிகிறதா, லாரி மறைக்கிறதா என்பதை மட்டுமே இரு கடைக்காரர்களும் சொல்வார்கள். முதலில் இருவருக்கும் தெரிகிறது, பிறகு டீக்கடைக்கு மட்டும் மறைகிறது, பிறகு இருவருக்கும், பிறகு பங்க்சர் கடைக்கு மட்டும். அப்படியானால் லாரிகள் சென்னைப் பக்கம் போகின்றன. வரிசை தலைகீழானால் புதுச்சேரிப் பக்கம். லாரியின் திசையைத் தனியாகப் பார்க்க எவரும் வேண்டாம். யார் முந்தினார் என்பதே போதும். என்கோடரின் இரு முனைகளும் இப்படி ஒரு துடிப்பில் கால் பங்கு தள்ளி வைக்கப்பட்டவை. நிலைகள் நான்கு என்பதால் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வகைகள் பதினாறு. நான்கு அசையாதவை, நான்கு முன்னே, நான்கு பின்னே. மீதி நான்கில் இரு கடைக்காரர்களும் ஒரே கணத்தில் மனம் மாற வேண்டும். அது நடக்காது, நடந்ததாகக் கணக்கு வந்தால் தூக்கி எறியலாம்.

இனிதான் அழகு. லாரியின் தார்ப்பாய் ஓரம் காற்றில் படபடக்கிறது. டீக்கடைக்காரர் ‘மறையுது, தெரியுது, மறையுது, தெரியுது, மறையுது’ என்று திணறுகிறார். உலோகத் தொடுமுனைகளும் இப்படித்தான், தொடும் கணத்தில் சில மில்லிவிநாடி துள்ளும். ஆனால் அந்த நேரத்தில் பங்க்சர் கடைக்காரர் வாய் திறக்கவில்லை. ஆகவே கணக்கில் விழுவது ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல், கூட்டல், கழித்தல், கூட்டல். மிஞ்சுவது சரியாக ஒன்று! பிழை தன்னைத்தானே தின்றுவிடுகிறது. முழு வரிசையையும் பார்க்கும் நிரலுக்குத் துள்ளலை வடிகட்டத் தனி ஏற்பாடு பெரும்பாலும் தேவையில்லை. ஒரு முனை மாறும்போது மட்டும் மற்றதை எட்டிப் பார்க்கும் சோம்பேறி நிரலில்தான் ஒவ்வொரு துள்ளலும் ஒரு படியாகிறது.

பங்க்சர் கடைக்காரர் தூங்கிவிட்டால்? டீக்கடையிலிருந்து ‘மறையுது, தெரியுது’ மட்டும் வரும். கணக்கில் அது ஒன்று முன்னே, ஒன்று பின்னே. நூறு லாரி போனாலும் ஒரே லாரி அங்கேயே ஆடுவது போலிருக்கும். வாசகரின் முதல் புகார் இதுதான்: அதிர்வெண் நின்ற இடத்திலேயே துள்ளினால் ஒரு முனை செத்துவிட்டது அல்லது சாகப் போகிறது. பெட்டியைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

இரண்டாவது புகாருக்கு இன்னொருவர் வேண்டும்: இருவர் சொல்வதையும் எழுதும் கணக்கப்பிள்ளை. அவர் டீ குடிக்கக் குனிந்த நேரத்தில் நிலை மூன்று தடவை முன்னே மாறியிருந்தால், நிமிர்ந்து பார்ப்பவருக்கு அது ஒரு தடவை பின்னே போனதாகவே தெரியும். நான்கில் மூன்று முன்னே போவதும் ஒன்று பின்னே போவதும் ஒரே இடம். மலிவு ரக என்கோடர்கள் பல ஒரு சுற்றுக்கு 20 துடிப்பு தருபவை, அதாவது 80 நிலை மாற்றம். விநாடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் ஒரு நிலை சுமார் 6 மில்லிவிநாடிதான் நிற்கும். திரையில் எண்ணை மாற்றி எழுதப் போன சில்லு இருபது மில்லிவிநாடி கழித்துத் திரும்பினால் குமிழ் பின்னால் ஓடும். இதற்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை. ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் 2017-இல் வெளியிட்ட மலிவு டிரான்ஸீவரான மைக்ரோபிட்எக்ஸின் மூல நிரலும் குமிழை இப்படி அவ்வப்போது போய்ப் பார்த்துவரும் ரகம்தான். நிரல் எல்லோருக்கும் திறந்தது என்பதால் ஹாம்கள் அதைத் தங்கள் விருப்பத்துக்குத் திருத்திக்கொண்டார்கள். பெரிய விலைக் கருவிகள் பெரும்பாலானவற்றில் அந்த வசதி கிடையாது.

வரலாறு இல்லாமல் வாசகர்கள் விடமாட்டார்கள் என்பதால்: கடைக்காரர்களின் நான்கு நிலைகளையும் எண்களாக எழுதினால் கிடைக்கும், ஒரு நேரத்தில் ஒரு இலக்கம் மட்டும் மாறும் இந்த எண்வரிசை பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரே பெயரால் வழங்குகிறது. அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1947-இல். பிரான்சின் எமில் போதோ தந்தியில் அதற்கு வெகு முன்பே இதைக் கையாண்டுவிட்டார். 

இப்போது உப்பு. மரக்காணத்து உப்புப் பாத்திகளைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் காற்றில் மிதக்கும் உப்பில் பெரும்பங்கு கரையில் அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளிலிருந்து வருவது. கடலை விட்டு விலக விலக அது வேகமாகக் குறையும். கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, ஆரோவில்லை ஒட்டியிருக்கும் இடையஞ்சாவடிக்கு வருவது மிச்சம்தான். அந்த மிச்சம் போதும். சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீராகக் கசியும். கடலுப்போடு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். இந்தக் கரையில் இரவு ஈரப்பதம் பெரும்பாலும் 75-ஐத் தாண்டும். ஆகவே என்கோடருக்குள் புகுந்த உப்புத் தூசு இரவில் உப்புநீர்ப் படலமாகிச் செம்புக் கலவையை அரிக்கும். பகலில் காய்ந்தாலும் அரித்த கறை மின்சாரத்தைத் தடுக்கும் மெல்லிய தோலாக ஒட்டியிருக்கும். மின்விசிறி சுவிட்சில் ஓடும் மின்னோட்டம் அந்தத் தோலைப் பொசுக்கிவிடும். இங்கே 5 வோல்ட், 10 கிலோ ஓம், அதாவது அரை மில்லிஆம்பியர். அதற்குத் தோலைத் தொடும் தெம்புகூட இல்லை.

‘ஒரே ஒரு ஸ்பிரே, குமிழ் புதுசு’ என்று யூடியூபில் சத்தியம் செய்பவர்கள் சொல்லாத ஒன்று: ஸ்பிரேயாக அடிக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் உப்பு ஏறக்குறையக் கரையவே கரையாது. எண்ணெய்ப் பிசுக்கு போகும், உள்ளிருக்கும் கிரீஸும் சேர்ந்து போகும், உப்பு அங்கேயே இருக்கும். சில வாரம் நன்றாக ஓடிவிட்டுப் பழைய கதை திரும்புவது அதனால்தான். உப்பு படிந்த என்கோடரைக் கழற்றி முதலில் காய்ச்சி வடித்த நீரில் அலச வேண்டும். ஆல்கஹால் அந்த நீரை விரட்ட மட்டும்.

அதற்கு முன் கூச்சப்படாமல் பார்க்க வேண்டியவை இரண்டு: டயல் லாக் பொத்தான் விழுந்திருக்கிறதா, குமிழின் பக்கவாட்டுத் திருகு தளர்ந்து தண்டின் மேல் வழுக்குகிறதா. பேசும் பொத்தானை அழுத்தும்போது மட்டும் எண் தாவினால் என்கோடர் நிரபராதி. கம்பிகளில் ஏறும் சொந்த ஒலிபரப்பின் அலைதான் குற்றவாளி. இவை எதுவும் இல்லையென்றால் கருவியை அணைத்து, பொதுமுனைக்கும் ஒவ்வொரு தொடுமுனைக்கும் மல்டிமீட்டரை வைத்து மெல்லத் திருப்ப வேண்டும். இரண்டும் மாறி மாறி விட்டுச் சேர வேண்டும். ஒன்று மௌனமென்றால் புது என்கோடர் வாங்கிச் சால்டர் செய்வதே சுலபம். துடிப்பு எண்ணிக்கையும் தண்டின் நீளமும் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். பொருத்திய பிறகு வலப்பக்கம் திருப்பினால் அதிர்வெண் ஒழுங்காக, விடாமல், கீழே இறங்குகிறதா? பழுதில்லை. தொடுமுனைகள் இரண்டின் கம்பிகளையும் இடம் மாற்றிவிட்டால் மேலே ஏறும்.