காய்ச்சலுக்கும் கூலி உண்டு!

கோவில்பட்டி என்றதும் கடலை மிட்டாய்தான் ஞாபகத்துக்கு வரும். அடுத்தாற்போல் தீப்பெட்டி. அது வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் பருத்தியும் கம்பும் கைவிட்டுவிடும். அப்போது வீட்டில் அடுப்பை எரிய வைப்பது 'தீப்பெட்டி ஆபீஸ்'. (தொழிற்சாலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர்!) அங்கே பாடுபடுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

செய்த வேலைக்குத்தான் கூலி. படுத்தால் அன்றைக்கு ஒன்றுமில்லை. ஆகவே காய்ச்சல் அடித்தாலும் கஷாயத்தைக் குடித்துவிட்டு ஓடுகிறவர்கள் உண்டு. தாங்க முடியாதவர்கள் வீட்டிலேயே சுருண்டு கிடப்பார்கள். இரண்டிலும் நஷ்டம் அவர்களுக்கே.

இந்தக் கஷ்டத்துக்குப் பரிகாரமாகத்தான் 1948-ல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24-ல் கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1955-ல் அது கோயமுத்தூருக்கு வந்தது. இன்று கோவில்பட்டியிலும் இ.எஸ்.ஐ. மருந்தகம் இருக்கிறது, பெரிய வியாதிக்குச் சிவகாசியிலும் மதுரையிலும் ஆஸ்பத்திரிகள். குடும்பத்தாருக்கும் வைத்தியம் உண்டு. 2019 ஜூலையில் நிர்ணயித்தபடி, நூறு ரூபாய்க் கூலிக்குத் தொழிலாளியின் பங்கு முக்கால் ரூபாய். முதலாளியின் பங்கு மூன்றேகால் ரூபாய்.

மருந்து மட்டுமல்ல, பணமும் உண்டு. ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், நோயில் படுத்த நாட்களுக்குக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். வருஷத்துக்கு 91 நாள் வரை.

சூட்சுமம் இனிமேல்தான்! முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. டாக்டர் பார்த்துச் சீட்டு எழுதிய நாளிலிருந்துதான் கணக்கு. தினக்கூலி 400 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். பத்து நாள் காய்ச்சல். முதல் நாளே மருந்தகத்துக்குப் போனவளுக்கு எட்டு நாளுக்கு 2,240 ரூபாய். நாலாம் நாள் போனவளுக்கு ஐந்து நாளுக்கு 1,400 ரூபாய்தான். தாமதத்தின் விலை 840 ரூபாய்!

உங்கள் வீட்டிலும் மில்லுக்கோ கம்பெனிக்கோ போகிறவர் இருக்கலாம். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பதிவேட்டில் பெயர் ஏறாதவளுக்கு, வருஷக் கணக்கில் உழைத்தாலும், இந்தக் கதவு திறக்காது. பெயர் இருந்தால் கூச்சம் எதற்கு? மருந்தகத்தில் கிடைப்பது தர்மம் அல்ல. அவள் கூலியில் பிடித்த காசு.