கோடு இருக்கா, இல்லையா? கணக்கே மாறிடும்!

ஐந்து நண்பர்கள். கையில் இரண்டே இரண்டு சினிமா டிக்கெட். போகப்போகும் இருவரை எத்தனை விதமா தேர்ந்தெடுக்கலாம்? பத்து விதம்! ப்ளஸ் ஒன் கணக்குதான். இதை அடைப்புக்குறிக்குள் மேலே 5, கீழே 2 என்று எழுதுவதும் உண்டு. நடுவில் கோடு கிடையாது. அங்கே ஒரு கோட்டைப் போட்டுப் பாருங்க... இரண்டின் கீழ் ஐந்து, அதாவது இரண்டரை!

உங்களுக்குக் கண்ணால் பார்த்ததும் வித்தியாசம் தெரிந்துவிடும். விரலால் படிக்கிற மாணவருக்கு? கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கை பிரெய்லுக்கு மாற்றித் தரும் சாஃப்ட்வேர்தான் சொல்லணும். அது கோட்டை விட்டால், அவர் மார்க்கும் போச்சு!

மேக்கப் அல்ல, மேட்டர்!

கணிதக் குறியீடுகளை வெப் பக்கங்களில் எழுதுவதற்காக 1998-ல் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட மொழி, மேத்எம்எல். ஹெச்டிஎம்எல் தெரிந்தவர்களுக்கு ஈஸி. பின்னத்துக்கு 'எம்ஃபிராக்' என்று ஒரு டேக். அதில் 'லைன்திக்னஸ்' என்று ஒரு ஆட்ரிபியூட், அதாவது கோட்டின் தடிமன். அதற்குப் பூஜ்யம் கொடுத்தால் கோடு காணாமல் போகும். நம்ம டிக்கெட் கணக்கு ரெடி!

சிக்கலும் இங்கேதான். "தடிமன், கலர் எல்லாம் கண்ணுக்கான மேக்கப். பிரெய்லுக்கு எதுக்கு?" என்று புரோகிராமர் எல்லா ஆட்ரிபியூட்டையும் தூக்கி எறிந்தால், சாஃப்ட்வேர் டேகை மட்டும் பார்த்து 'இது பின்னம்' என்று முடிவு கட்டிவிடும்.

இன்னொன்று பாருங்க. அடைப்புக்குறி போட 'எம்ஃபென்ஸ்டு' என்று ஒரு பழைய டேக். எந்த வகை அடைப்பு என்பது ஆட்ரிபியூட்டில் இருக்கும். அதைப் படிக்காவிட்டால் வளைந்த அடைப்புதான் வரும். 0, 1 இரண்டையும் சேர்த்துக்கொள்ளும் [0, 1] என்ற மூடிய இடைவெளி, இரண்டையும் வெளியே தள்ளும் (0, 1) ஆகிவிடும்!

தடித்த எழுத்தும் அப்படித்தான். தடித்த 'வி' வெக்டர், சாதா 'வி' வெறும் அளவு. அந்தத் தடிமனைச் சொல்வது 'மேத்வேரியன்ட்' என்ற ஆட்ரிபியூட்.

பிரெய்லில் இடமிருக்கு

ஆறே புள்ளிகளில் இதையெல்லாம் சொல்ல முடியுமா? பேஷா முடியும். பிறவியிலேயே பார்வையற்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஆபிரகாம் நெமெத் உருவாக்கிய பிரெய்ல் கணிதக் குறியீட்டு முறை 1952-ல் வெளியானது. அதில் பின்னம் தொடங்க ஒரு குறி, முடிய ஒரு குறி. தடித்த எழுத்துக்கு 4, 5, 6 புள்ளிகள் கொண்ட தனிக் குறி. ஆக, குறை பிரெய்லில் இல்லை. தகவல் அதுவரை போய்ச் சேரணும், அவ்வளவுதான்!

'லிப்லூயிஸ்யூடிடிஎம்எல்' என்ற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரில் இதற்கு வழி உண்டு. டேக், ஆட்ரிபியூட், அதன் மதிப்பு மூன்றையும் கமா போட்டு ஒரே வரியில் எழுதி, 'இது வந்தால் இதைச் செய்' என்று விதி வைக்கலாம்.

புராஜெக்ட் தேடுறீங்களா?

கோடிங் தெரிந்த நீங்கள் இதில் இறங்கலாம். சில டிப்ஸ்:

* ஒவ்வொரு ஆட்ரிபியூட்டிடமும் ஒரே கேள்வி: 'உன்னை எடுத்துட்டா விடை மாறுமா?' மாறும் என்றால் வெச்சுக்குங்க. வெறும் அலங்காரக் கலரா? விட்டுடுங்க.

* தெரியாத ஆட்ரிபியூட் வந்தால் சத்தமில்லாமல் விழுங்காதீங்க. எச்சரிக்கை காட்டுங்க.

* புதிய 'மேத்எம்எல் கோர்' வடிவத்தில் எம்ஃபென்ஸ்டு இல்லை. தடித்த எழுத்துக்கு யூனிகோடில் தனி எழுத்துகளே இருக்கு. ஆனால், பழைய ஃபைல்கள் அப்படியேதான் கிடக்கும். இரண்டையும் சமாளிக்கணும்.

* டிக்கெட் கணக்கு, மூடிய இடைவெளி, வெக்டர்... மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டு மாற்றிப் பாருங்க. பிறகு பிரெய்ல் படிக்கும் நண்பரிடம் கொடுங்க. 'என்ன எழுதியிருக்கு?' என்று மட்டும் கேளுங்க.

அவர் "பத்து"ன்னு சொன்னா, நீங்க பாஸ்!