தரங்கம்பாடி மணலில் நாகசுரம்

தரங்கம்பாடியில் கடலைப் பின்னால் வைத்து ஒருவரைப் படமெடுக்க நினைப்பவர் முதலில் சூரியனைக் கணக்கில் எடுக்க வேண்டும். கீழைக் கடற்கரை என்பதால் காலை வெயில் கடல் பக்கமிருந்து வரும். நிற்பவரின் முகம் இருண்டுபோகும். மாலையில் முகத்தில் நல்ல வெளிச்சம் விழும். ஆனால் டேனியர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டையின் நிழல் மணலில் நீண்டுகொண்டே வந்து, நாம் பார்த்துவைத்த இடத்தை மூடிவிடும். இந்தக் கணக்கு மட்டும் இன்றுவரை மாறவில்லை.

1980-களின் கடைசியில், இவ்வூர் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தபோது, ஒரு வார இதழுக்காக வயதான நாகசுர வித்துவான் ஒருவரை இங்கே படமெடுத்தேன். கையில் யாஷிகா மேட். ஒரு ரோலுக்கு 12 படம். கழுத்தில் மாட்டி, தலையைக் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டிய கேமரா அது. அதன் கண்ணாடியில் உருவம் இடவலம் மாறித் தெரியும்; வித்துவான் வலப்பக்கம் நகர்ந்தால் உள்ளே இடப்பக்கம் போவார். முகத்தின் இருட்டைப் போக்க உதவிக்கு வந்த பையன் தெர்மாக்கோல் அட்டையைப் பிடித்திருந்தான். கடற்காற்றில் அதை நேராக நிறுத்துவதே பெரும்பாடு. அட்டை நிலைக்கும் நேரமும், வித்துவானின் பார்வை சரியாக அமையும் நேரமும், அலை வெண்மையாக உடையும் நேரமும் ஒன்றாகக் கூடிவரும்வரை விரல் பித்தானிலேயே இருக்கும்.

அதனால் அவரை வாசிக்கவிட முடியவில்லை. சும்மா உதட்டில் வைத்துக்கொண்டால் போதும் என்று கேட்டுக்கொண்டேன். “ஊதாம எப்படித் தம்பி அந்தக் களை முகத்துல வரும்?” என்றார். சொன்னபடியே வைத்துக்கொண்டார், களை வரவில்லை. அந்தக் காலத்து நாகசுரக்காரர்களின் படங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. பதக்கங்கள் தெரிய, வாத்தியத்தை நிமிர்த்திப் பிடித்து, வாசிக்காமல் நிற்கிறார்கள். ஊரையே நிறைத்த நாதம் அந்தப் படங்களில் ஒரு துளியும் இல்லை.

ஆனால் அந்தப் படங்களில் ஆட்கள் இருந்தார்கள். அன்று கடற்கரைக்கு வித்துவானோடு அவருடைய செட் முழுவதும் வந்திருந்தது. இரண்டாவது நாகசுரம், தவில், தாளம், ஓரத்தில் ஒத்து. அழைப்பு அவர் ஒருவருக்குத்தான். தனியாக நின்று படமெடுத்துக்கொள்ளும் எண்ணமே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. வார் இழுத்துக் கட்டிய தவில் ஈரக்காற்றில் தளர்ந்துபோக, தவில்காரர் அதை மடியில் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். ஒத்துக்காரர் மட்டும் எதுவும் கேட்காமல் தன் இடத்தில் போய் நின்றார். மூக்கால் மூச்சை இழுத்து, கன்னத்தில் தேக்கி, இடைவெளியே தெரியாமல் மணிக்கணக்காக ஒரே சுருதியை ஊதுவது அவர் வேலை. கைதட்டல் அவருக்கென்று வருவதில்லை. இதழில் அந்தப் படம் வந்தபோது அவர் பாதி வெட்டுப்பட்டிருந்தார்.

அண்மையில் அதே கரையில் இன்னொரு நாகசுரக்காரரைப் படமெடுத்தேன். இப்போது மாவட்டம் மயிலாடுதுறை. கடலரிப்பில் முன்பகுதியை இழந்து இடிந்து நின்ற மாசிலாமணிநாதர் கோயில் திருப்பணி கண்டிருக்கிறது. வந்தவருக்கு முப்பது வயது ஆகியிராது. கையில் நரசிங்கம்பேட்டையில் செய்த வாத்தியம். அவ்வூர் நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையோடு சொன்னார். நான் கேமராவை வெளியே எடுப்பதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டு, “அண்ணே, தண்ணியில நின்னு வாசிக்கவா?” என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணமே இல்லை.

இன்றைய கேமரா ஒரு நொடிக்கு 20 படம் எடுக்கிறது, அதுவும் சத்தமில்லாமல். ஆள் நடந்தாலும் திரும்பினாலும் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. எதிர்வெயிலில் இருண்ட முகத்தையும் பிறகு கணினியில் பெருமளவு மீட்டுவிடலாம், தெர்மாக்கோலுக்கு வேலையில்லை. அவர் அலையோரமாக வாசித்துக்கொண்டே நடக்க, நான் பின்னோக்கி நடந்தபடி எடுத்தேன். ஒரு பிடியின் உச்சியில் கழுத்து நரம்பு புடைப்பதும், துளையிலிருந்து விரல் அரைகுறையாக மேலெழுந்து கமகம் பிறப்பதும், மூச்சு முடியும் இடத்தில் கண் தானாக மூடுவதும் படத்தில் வந்திருக்கின்றன. வாயில் வைத்து ஊதும் சீவாளியைக் காற்று அடிக்கடி உலர்த்தியது. அவர் அதைக் கழற்றி, வாத்தியத்தில் கட்டித் தொங்கிய கொத்திலிருந்து வேறொன்றை எடுத்து, குத்தூசியால் வாயைச் சற்றே நெகிழ்த்தி, நாக்கில் நனைத்துச் செருகினார். என்னிடமுள்ள எந்தப் பழைய படத்திலும் இந்தக் கைவேலை இல்லை. முதிய வித்துவான் கேட்ட களை இந்தப் படங்களில் இருக்கிறது. அவருக்கு அதைத் தர என் கேமராவால் முடியாமல் போனது இப்போதும் உறுத்துகிறது.

இழப்பும் உண்டு. முதியவர் தன் படத்தை இதழ் வெளிவந்த பிறகே பார்த்தார். இளையவர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓடிவந்து திரையைப் பார்த்தார். “கண்ணு சின்னதா இருக்குண்ணே” என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் போனவர், அடுத்த சுற்றில் கண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு வாசித்தார். முகத்தின் மேல் கவனம் போனதும் வாசிப்பு அரை மாற்றுக் குறைந்தது காதுக்கே தெரிந்தது. திரையை அணைத்துவிட்டேன். கால் மணி நேரத்தில் பழைய மனிதர் திரும்பினார்.

இன்னொன்று பெரிய இழப்பு. கேமராவுக்கு அதில் பங்கில்லை. படங்கள் எல்லாவற்றிலும் அவர் தனியாக இருக்கிறார். சுருதி அவர் இடுப்பில் செருகிய செல்போனிலிருந்து வந்தது. ஒத்துக்காரர் நின்ற இடத்தை முதலில் மின்சாரச் சுருதிப்பெட்டி எடுத்துக்கொண்டது. பிறகு அதுவும் செல்போனுக்குள் போய்விட்டது. இரவெல்லாம் மூச்சைத் தேக்கி ஊதிய உழைப்பிலிருந்து ஒரு மனிதர் விடுபட்டார் என்று பார்த்தால் நல்லதுதான். ஆனால் அந்த உழைப்பின் பக்கத்தில் நின்றே பலர் வித்தை கற்றார்கள், அந்தக் கூலியில் குடும்பங்கள் சாப்பிட்டன. தனியாள் படம் பார்க்க அழகாகவே இருக்கிறது. செல்போன் திரைக்கும் அதுதான் பொருந்துகிறது. செட் என்ற சொல்லுக்குள் இருந்த ஐந்து பேரை அதில் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

தவில் ஏன் வரவில்லை என்று கேட்டேன். முகூர்த்த நாள், வேறு ஊரில் கச்சேரி என்றார். இந்த ஈரக்காற்றில் தவில் தாங்குமா என்றதற்குச் சிரித்தார். இப்போது வாருக்குப் பதில் இரும்பு வளையமும் போல்ட்டும் வந்துவிட்டன, ஸ்பானரால் இரண்டு முறுக்கு முறுக்கினால் போதும் என்றார். முகூர்த்தம் இல்லாத ஒரு நாளைக் காலண்டரில் பார்த்தோம். காலையில் வேண்டாம், மாலை நாலரை மணிக்கே வந்துவிட வேண்டும், ஐந்தரைக்குள் கோட்டையின் நிழல் மணலில் பாதியைப் பிடித்துவிடும் என்றேன். “தவில் அண்ணனோட தாளம் போடுற தம்பியையும் கூட்டிட்டு வந்துடறேண்ணே” என்றார்.