வீட்டுக்குள் வந்த 'வைன்'!

அடுத்த வீட்டு மாமி அன்று மாலை பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"கேட்டாயோ இந்த அநியாயத்தை! 'வைன் இருந்தால் போதும், விளையாட்டெல்லாம் ஜோராக நடக்கும்' என்று என் பிள்ளை சிநேகிதனிடம் போனில் சொல்கிறான். என் காதாலேயே கேட்டேன்!"

விசாரித்ததில் பிள்ளை நிரபராதி என்று தெரிந்தது. அது குடிக்கிற வைன் அல்ல. கம்ப்யூட்டரில் போடுகிற வைன்!

சமாசாரம் இதுதான். பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களை நிர்வகிப்பது விண்டோஸ். அதன் பத்தாம் பதிப்புக்கு வழக்கமான பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. பதினோராம் பதிப்போ, 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்பு வசதி இருந்தால்தான் குடிவருவேன் என்கிறது. பல பழைய பெட்டிகளில் அது கிடையாது. நன்றாக உழைக்கிற பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதென்றால், குடும்ப பட்ஜெட் என்னாவது?

இங்கேதான் லினக்ஸ் கைகொடுக்கிறது. 1991-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் ஆரம்பித்து வைத்தது அது. விலை கொடுக்காமலே போட்டுக்கொள்ளலாம். ஆனால் வெகுகாலம் ஒரு குறை இருந்தது. விளையாட்டுகளில் பெரும்பாலானவை விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை.

அந்தக் குறையைப் போக்க 1993-ல் பிறந்ததுதான் வைன். அந்தக் காலத்துத் துபாஷி மாதிரி அது. 'படத்தைக் காட்டு, சத்தம் எழுப்பு' என்று விளையாட்டு விண்டோஸ் பாஷையில் கேட்கும். வைன் அதை லினக்ஸுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும். 'ஸ்டீம்' என்னும் விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் என்ற அமெரிக்கக் கம்பெனி, வைனை மெருகேற்றி 2018-ல் 'புரோட்டான்' என்று வெளியிட்டது. 2022-ல் அந்தக் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஸ்டீம் டெக்' என்ற கையடக்க விளையாட்டுப் பெட்டி லினக்ஸில்தான் ஓடுகிறது. விண்டோஸுக்கென்று எழுதிய ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இன்று லினக்ஸிலும் நடக்கின்றன.

அப்படியானால் உடனே மாற்றிவிடலாமா? பொறுங்கள்! பலர் கூடிப் போட்டியிடும் சில விளையாட்டுகளில், கள்ள ஆட்டம் ஆடுகிறவர்களைப் பிடிக்க ஒரு காவல்காரன் உண்டு. 'வாலரண்ட்', 'ஃபோர்ட்நைட்' ஆகியவற்றின் காவல்காரன் லினக்ஸை வாசற்படி ஏற விடுவதில்லை. 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' முன்பு லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. 2024-ல் அதுவும் கதவைச் சாத்திவிட்டது. மேலும், லினக்ஸ் போட்டதனால் பழைய பெட்டிக்குப் புது பலம் வந்துவிடாது.

ஆகவே, முதலில் பிள்ளை ஆடும் விளையாட்டுகளுக்கு ஒரு ஜாபிதா எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் லினக்ஸில் ஓடுமா என்று அவனே விசாரிக்கட்டும். கல்யாண போட்டோக்களையும் முக்கியக் காகிதங்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். பிறகு லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, உள்ளே இருப்பதை அழிக்காமலே வெள்ளோட்டம் பார்க்கலாம். மனசுக்குப் பிடித்தால் மட்டும் நிரந்தரமாகப் போட்டால் போதும்.

மாமியின் பிள்ளை எழுதிய ஜாபிதாவில் ஐந்து விளையாட்டுகள் இருந்தன. நான்கு ஓடின. ஐந்தாவது 'வாலரண்ட்'. பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

மாமிக்கோ முகமெல்லாம் மலர்ச்சி. "அது ஓடாவிட்டால் போகிறது. அந்த நேரத்தில் கணக்குப் பாடம் ஓடட்டும்!" என்றாள்.