மாதிரி விமானங்களின் சிறு டீசல் எஞ்சின்

அந்தமான் தீவுகளில் பணிபுரிவோருக்கு டீசல் எஞ்சினை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியம் இல்லை. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரில் விளக்குகள் எரிவது பெரும்பாலும் டீசல் எஞ்சின்களின் உழைப்பினாலேயே ஆகும். சூரிய ஒளி மின்னிலையங்களும், வட அந்தமானில் கல்பாங் ஆற்று நீர்மின் நிலையமும் இதற்குத் துணை நிற்கின்றன. தீவுக்குத் தீவு செல்லும் கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் இதே எஞ்சினை நம்பியே ஓடுகின்றன. ஆனால் இக்கட்டுரையில் விவரிக்கப்படும் டீசல் எஞ்சின் உள்ளங்கையில் அடங்கக்கூடியது. ஏறக்குறைய ஐம்பது அறுபது கிராம் எடையுள்ளது. மரச் சட்டமும் காகிதமும் கொண்டு செய்த மாதிரி விமானத்தைப் பறக்கச் செய்வதற்காக ஏற்பட்டது.

இதனை எழுத நேர்ந்த காரணத்தையும் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் பழஞ்சாமான்களை ஏலத்துக்காகப் பட்டியலிட்ட சமயம் நான் உடனிருந்தேன். அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுக்கப்பட்ட பொருள்களுள் ஒன்று, "உலோகத் துண்டு, உபயோகமற்றது, 1" என்று பதிவு செய்யப்பட்டது. அது 1 கன சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு பிரிட்டிஷ் டீசல் எஞ்சின். பழுப்பு நிறப் பிசின் பூசினாற்போல் இறுகி, அசைய மறுத்துக் கிடந்தது. அது பழுதடையவில்லை, உறைந்திருக்கிறது, அவ்வளவே என்று நான் எடுத்துச் சொல்வதற்குள் பட்டியலில் கையொப்பம் ஆகிவிட்டது. பழைய இரும்புடன் எடை போடப்பட்டு அது சென்றது. இத்தகைய எஞ்சின்கள் நம் நாட்டுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இன்னும் சில எஞ்சியிருக்கக்கூடும். அவற்றை அடையாளம் கண்டுகொள்வதற்கேனும் இவ்விவரங்கள் பயன்படலாம்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ருடால்ஃப் டீசல் 1897இல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினில், சிலிண்டருக்குள் காற்று மட்டும் அமுக்கப்படுகிறது. அமுக்கத்தால் உஷ்ணம் ஏறிய அக்காற்றில் எண்ணெய் பின்னர் பீச்சப்படுகிறது. மாதிரி விமான எஞ்சினில் பீச்சு கருவி கிடையாது. எரிபொருளும் காற்றும் முன்னதாகவே கலந்து உள்ளே சென்று, இரண்டும் சேர்ந்தே அமுக்கப்பட்டுத் தாமாகத் தீப்பற்றுகின்றன. ஆகவே கண்டிப்பாகப் பார்த்தால் இதற்கு டீசல் என்னும் பெயர் பொருந்தாது. எனினும் பெயர் நிலைத்துவிட்டது, இனி மாற்றுவாரில்லை.

காற்றை அமுக்கித் தீ உண்டாக்கலாம் என்பது ஐரோப்பா மட்டும் கண்டறிந்த உண்மையன்று. அந்தமான் கடலின் மறு கரையில், பர்மாவிலும் மலாய்த் தீபகற்பத்திலும், மூங்கில் அல்லது கொம்பினால் ஆன சிறு குழலினுள் ஒரு தண்டை ஓங்கி அடித்து, அதன் நுனியில் வைத்த பஞ்சைக் கனலச் செய்யும் தீக்குழல் நெடுங்காலமாக வழக்கில் இருந்து வந்தது. டீசலின் ஆசிரியராகிய லிண்டே பினாங்கிலிருந்து கொண்டு சென்ற அத்தகைய தீக்குழல் ஒன்றே டீசலின் சிந்தனையைத் தூண்டிற்று என்று ஒரு கதையும் வழங்குகிறது. இவ்விடத்தில் மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. அக்கடலின் இக்கரையில் வாழ்ந்த அந்தமான் பழங்குடியினர், தீயைப் புதிதாக உண்டாக்காமல், இருக்கும் தீயை அணையவிடாது காத்து வந்தனர் என்பதை 1906 முதல் 1908 வரை இங்கு ஆராய்ச்சி செய்த ராட்கிளிஃப் பிரவுன் பதிவு செய்திருக்கிறார்.

தீக்குழலில் கையின் வேகம் செய்யும் வேலையைச் சிறு எஞ்சினில் பிஸ்டன் செய்கிறது. 30 டிகிரி சென்டிகிரேடில் உள்ள காற்றை அதன் கன அளவில் பதினாறில் ஒரு பங்காக, உஷ்ணம் வெளியேறாதவாறு அமுக்கினால், கணக்குப்படி அது 600 டிகிரியையும் கடக்க வேண்டும். ஆனால் சிலிண்டர் சிறிதாகச் சிறிதாக, உள்ளிருக்கும் காற்றின் அளவைக் காட்டிலும் சுவரின் பரப்பு விகிதத்தில் மிகுதியாகிவிடுகிறது. உண்டான உஷ்ணத்தைச் சுவரே பெரிதும் விழுங்கிவிடுகிறது. மண்ணெண்ணெயை மட்டும் இட்டால் இச்சிறு எஞ்சின் கையால் சுழற்றிக் கிளம்பாததற்குக் காரணம் இதுவே. ஆகையால், 160 முதல் 180 டிகிரி அளவிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும் ஈதர் அதனுடன் சேர்க்கப்படுகிறது. ஈதர், மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய் மூன்றும் சம பாகம் என்பது பழைய எளிய கலவை. முதலாவது தீயைத் தொடக்குகிறது. இரண்டாவது சக்தியைத் தருகிறது. மூன்றாவது தேய்மானத்தைத் தடுக்கிறது. பிற்காலத்தில் ஐசோபுரோப்பைல் நைட்ரேட் போன்ற பொருள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சேர்க்கப்பட்டு, ஓட்டம் மேலும் சீராயிற்று.

எஞ்சினின் அமைப்பு மிக எளியது. இது இருவீச்சு எஞ்சின். தீப்பொறிப் பிளக்கு, கம்பிச் சுருள், மின்கலம் எதுவும் இல்லை. பிஸ்டனுக்கு வளையங்களும் கிடையா. வார்ப்பிரும்புப் பிஸ்டன், கடினப்படுத்திய எஃகுச் சிலிண்டரினுள் காற்றுக் கசியாதபடி மெருகேற்றிப் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு மயிரிழையின் தடிப்பில் சிறு பங்கே இடைவெளி. இதனினும் கருத்தைக் கவர்வது சிலிண்டரின் மேற்பகுதியாகும். சாதாரண எஞ்சினில் மூடி அசையாது. இதிலோ மூடிக்குப் பதிலாக மற்றொரு பிஸ்டன் தலைகீழாக இறுகப் பொருத்தப்பட்டு, மேலே உள்ள திருகின் மூலம் கீழே இறக்கப்படுகிறது. அதனை இறக்கினால் இடம் குறைந்து அமுக்கம் மிகுகிறது. திருகைத் தளர்த்தினால், உள்ளே நிகழும் வெடிப்பே அதனை மேலே தள்ளிவிடுகிறது. இதற்குத் தமிழில் பெயரிட முயன்று, எதிருந்தி, மேலுந்தி, தலைப்பிஸ்டன் என்றெல்லாம் எழுதி அடித்தேன். முடிவில் எதிர்ப்பிஸ்டன் என்றே விட்டுவிட்டேன். கையில் எஞ்சினை வைத்துக்கொண்டு திருகைத் திருப்புகிறவருக்கு எந்தப் பெயரிலும் அது விளங்கும்.

இந்த எதிர்ப்பிஸ்டனே இவ்வெஞ்சினை வகுப்பறைக்குரியதாகச் செய்கிறது. பெரிய எஞ்சினில் அமுக்க விகிதம் என்பது புத்தகத்தில் அச்சிட்ட ஓர் எண். இதில் அதனை மாணவன் தன் விரலாலேயே மாற்றுகிறான். அமுக்கம் குறைந்தால் எஞ்சின் விட்டுவிட்டு வெடிக்கும். மிகுந்தால் மூச்சுத் திணறினாற்போல் வேகம் தளர்ந்து, வெளிவரும் எண்ணெய் கறுக்கும். நடுவே ஓரிடத்தில் ஓசை தெளிந்து ஒரே சுருதியில் நிற்கும். உஷ்ணம் ஏறியபின் அதே திருகைச் சற்றுத் தளர்த்த வேண்டியிருக்கும். ஏன் என்று கேட்காத மாணவனை நான் கண்டதில்லை.

இவ்வகை எஞ்சின் 1940களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில், டைனோ என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் மாதிரி விமானங்களில் தீப்பொறி எஞ்சின்களே பயன்பட்டன. அவற்றுக்கு வேண்டிய சுருளும் மின்கலமும் சேர்ந்து பல சமயம் எஞ்சினைவிட அதிகக் கனமாயிருந்தன. உலக யுத்தம் முடிந்தபின் பிரிட்டனில் டீசல் எஞ்சின் வேகமாகப் பரவிற்று. 1946இல் மில்ஸ் சகோதரர் நிறுவனத்தின் 1.3 கன செ.மீ. எஞ்சினும், 1948இல் அதன் தம்பியாகிய 0.75 கன செ.மீ. எஞ்சினும் வெளிவந்தன. ஈ.டி. என்னும் எழுத்துகளால் அறியப்பட்ட எலெக்ட்ரானிக் டெவலப்மெண்ட்ஸ் நிறுவனம், 1 கன செ.மீ. அளவில் பீ, அதாவது தேனீ, என்னும் எஞ்சினைச் செய்தது. ஃபிராக், எல்ஃபின், ஆல்பன், டேவிஸ் சார்ல்டன் முதலிய பெயர்களும் அக்காலத்துச் சிறுவர் வாயில் புழங்கியவையே. நாட்டிங்ஹாமில் ஆலிவர் குடும்பத்தார் கையால் பொருத்திச் செய்த டைகர் எஞ்சின் பந்தயக் களங்களில் பேர் பெற்றது. 1954இல் ரேடியோ குயின் என்னும் மாதிரி விமானம் ரேடியோக் கட்டுப்பாட்டின் மூலம் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது, அதனை இழுத்துச் சென்றது 3.46 கன செ.மீ. ஈ.டி. டீசல் எஞ்சினாகும்.

அமெரிக்கர் வேறு வழி சென்றனர். 1947இல் ரே ஆர்டன் அறிமுகப்படுத்திய குளோ பிளக்கு, மெத்தனால் எரிபொருளுடன் மிக வேகமாகச் சுழலும் எஞ்சின்களுக்கு வழி வகுத்தது. காலப்போக்கில் உலகெங்கும் அதுவே வென்றது. பின்னர் மின்மோட்டாரும் லித்தியம் மின்கலமும் வந்து அதனையும் பின்தள்ளின. இன்று பழைய மில்ஸ் எஞ்சினையோ தேனீயையோ தேடி வாங்கிப் போற்றுவோர், மின்மோட்டாரின் திறமையை அறியாதவரல்லர். ஈதரும் ஆமணக்கெண்ணெயும் கலந்த மணமே அவர்களுக்குப் பால்ய காலம். ஈதர் மயக்க மருந்தாகப் பயன்பட்ட காலத்தில் மருத்துவமனையில் வீசிய மணமும் அதுவேயாதலால், அம்மணத்தைக் கேட்டு முகம் சுளித்த தாய்மாரும் இருந்திருப்பர். ஆனால் மணம் மட்டுமே காரணமன்று. மின்மோட்டார் ஓடாவிட்டால் அதை மாற்றுகிறோம். டீசல் எஞ்சின் ஓடாவிட்டால் காரணத்தைத் தேடுகிறோம்.

இந்தியாவில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு 1950இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தொடங்கியது. மாதிரி விமானம் செய்தலும் பறக்கவிடுதலும் அதன் பயிற்சியில் இடம் பெற்றன. வெளிநாட்டு எஞ்சின்களுடன், கல்கத்தாவில் செய்யப்பட்ட அரோரா எஞ்சின்களும் நம் மாணவர் கைக்கு வந்தன. மில்ஸ் எஞ்சினை அப்படியே ஒத்த இந்தியப் படிகளும் செய்யப்பட்டு, அதன் தாயகமாகிய பிரிட்டனிலேயே விலை போயின. நான் கல்லூரி மாணவனாயிருந்த நாளில், இரு கம்பிகளால் கட்டுப்படுத்தப்படும் விமானம் ஒன்றின் எஞ்சினைக் கிளப்ப முயன்று, பொறுமையிழந்து எரிபொருளை மிகுதியாக ஊற்றி, பலம் கொண்ட மட்டும் சுழற்றினேன். திரவம் அமுங்காது என்பதை அன்று இணைப்புத் தண்டு வளைந்ததிலிருந்து கற்றேன். வலக்கை ஆள்காட்டி விரலில் உள்ள தழும்பு அதற்கு முந்திய வாரத்துப் பாடம்.

உறைந்த எஞ்சினை மீட்கும் முறைக்கு வருவோம். எஞ்சினை இறுகச் செய்திருப்பது பெரும்பாலும் துரு அன்று. காய்ந்து பிசினாகிவிட்ட ஆமணக்கெண்ணெயே. இடுக்கியால் பற்றித் திருப்புதல் கூடாது. முதலில் அமுக்கத் திருகைச் சில சுற்றுகள் தளர்த்துக. பின்னர் எஞ்சினை மண்ணெண்ணெயில் சில நாள்கள் ஊறவிட்டு, துடைத்து, நன்றாக உலர்த்துக. அதன்பின் தலைமயிர் உலர்த்தும் கருவியின் அனலில் சிறிது சிறிதாகச் சூடேற்றுக. ஈதரோ வேறு எரிபொருளோ அவ்வறையில் இருத்தலாகாது. பிசின் இளகியதும், சுழல்விசிறியை மாட்டி, விரலால் இப்புறமும் அப்புறமும் மெல்ல அசைத்தால், பெரும்பாலும் எஞ்சின் இணங்கிவிடும். எதிர்ப்பிஸ்டன் அசையாவிடில் அதற்கும் சூடே மருந்து. சுத்தியலை எடுக்க வேண்டாம்.

தீவுகளில் பணியாற்றுவோர் ஈதரைப் பற்றிச் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும். அது கொதிப்பது 34.6 டிகிரியில், போர்ட் பிளேரின் நண்பகல் உஷ்ணம் அதற்கு நான்கைந்து டிகிரியே குறைவு. மூடியைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தால், புட்டியில் எஞ்சுவது மண்ணெண்ணெயும் ஆமணக்கெண்ணெயுமே. நேற்று ஓடிய எஞ்சின் இன்று கிளம்பவில்லை என்று வருந்துவோர், எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் புட்டியைச் சோதிப்பது நலம். ஈதரின் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனமாதலால் தரையோடு பரவி, தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டிப் பிடிக்கும். வெளிச்சம் பட்டும் காற்றுப் பட்டும் நெடுநாள் இருந்த ஈதரில், வெடிக்கக்கூடிய பெராக்சைடுகள் உண்டாகின்றன. ஆகவே பழைய புட்டி அகப்பட்டால் திறவாமல், ரசாயன ஆய்வுக்கூடத்தாரிடம் தெரிவிக்க வேண்டும். விமானப் பயணிகள் ஈதரைத் தம் பெட்டியில் எடுத்து வர அனுமதி இல்லை. முறைப்படியே தருவித்தல் வேண்டும்.

பறக்கவிடுவது வேறு விஷயம். 2001 முதல் முப்படைகளின் கூட்டுத் தலைமையகம் இயங்கிவரும் இத்தீவுகளில், எந்த மாதிரி விமானத்தையும் உரிய அதிகாரிகளின் அனுமதியின்றி மேலெழுப்புதல் தகாது. ஆனால் விளக்கிக் காட்டுவதற்கு விமானமே தேவையில்லை. தடித்த பலகையில் எஞ்சினை நான்கு திருகாணிகளால் இறுகப் பொருத்தி, பலகையை மேசையுடன் பிணைத்து, திறந்த வெளியில் ஓட்டலாம். மாணவர்கள் சுழல்விசிறிக்குப் பின்புறமாக நிற்க வேண்டும். அதன் சுழற்சித் தளத்தின் நேர்ப்பக்கத்தில் ஒருவரும் நிற்கலாகாது. ஆசிரியர் கண் கண்ணாடி அணிந்து தாமே கிளப்ப வேண்டும். காற்று நுழையும் வாயை விரலால் மூடி இரண்டு சுற்றுச் சுற்றினால் எரிபொருள் மேலேறும். அதன்பின் விரலை விரைவாக வீசிச் சுழற்றுக. வெடிப்பு வராவிடில், எதிர்ப்பிஸ்டனைத் திருகில் கால் சுற்றுக்கும் குறைவாக இறக்குக. சுழற்றும்போது விரலில் கெட்டியான தடை தென்பட்டால், உள்ளே திரவம் மிகுந்துவிட்டது என்று பொருள். உடனே அமுக்கத்தைத் தளர்த்தி, எஞ்சினைக் கவிழ்த்து, திரவத்தை வடித்துவிடுக.

எரிபொருள் தீர்ந்து எஞ்சின் நின்றதும் அப்படியே அலமாரியில் வைத்துவிடலாகாது. உப்புக் காற்றும் ஈரமும் நிறைந்த இவ்விடத்தில் எஃகுச் சிலிண்டர் ஒரு மழைக்காலத்தில் துருவேறிவிடும். சில துளி மெல்லிய தாது எண்ணெயை உள்ளே விட்டு, சுழல்விசிறியைக் கையால் பத்துப் பன்னிரண்டு முறை திருப்பி, எண்ணெய்த் துணியில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் இடுக. டப்பாவின் மேல் எஞ்சினின் பெயரையும் அளவையும் எழுதி ஒட்டுக. இருப்புப் பதிவேட்டிலும் அதே பெயரில் பதிக.