பழைய உழவு இயந்திரத்துக்கு ஏற்ற சுக்கான் பெட்டியைத் தெரிதல்

இந்நாட்டு வயல்களில் உழைக்கும் நாற்சில்லு உழவு இயந்திரங்களுட் பல, உரிமையாளரின் தந்தையார் காலத்தில் வாங்கப்பட்டவை. அவற்றின் எஞ்சினைத் திருத்த வல்லோர் ஊர்தோறும் உளர். சுக்கான் பெட்டி, அஃதாவது மெக்கானிக்குகள் ‘ஸ்ரியரிங் பொக்ஸ்’ என்று கூறும் பாகம், தேய்ந்தவிடத்தோ நிலைமை வேறு. பெரும்போக உழவு நெருங்கும் அவசரத்தில் ‘மெசி பேர்குசனுக்கு ஒரு பெட்டி’ என்று கடையிற் கேட்டு, கண்ணுக்கு ஒத்திருப்பதைக் கமக்காரர் வாங்கிவருகின்றனர். அது பூட்டும்போது பொருந்தாவிடின் பணமும் நாளும் வீணாகும். பூட்டும்போது பொருந்தி, ஓடும்போது பிழை செய்யுமாயின் உயிருக்கே கேடாகும். நெல் மூடை ஏற்றிய ரெயிலருடன் குளக்கட்டில் வரும் இயந்திரம் வலப்புறம் திருப்ப இடப்புறம் செல்லுமாயின் நேர்வது யாதென விளக்க வேண்டியதில்லை.

பிழை பெட்டியிற்றானா?

பெட்டிக்கு விலை பேசுமுன் இவ்வினாவுக்கு விடை காணல் வேண்டும். சோதனை எளிது, இருவர் போதும். இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, ஒருவர் சுக்கான் சில்லை இரு புறமும் சிறிது சிறிதாக அசைக்க, மற்றவர் பெட்டியிலிருந்து தொங்கும் புயத்தைக் கவனித்தல் வேண்டும். சுக்கான் அசைந்தும் புயம் அசையாதாயின் தேய்வு பெட்டியினுள்ளே உண்டு. புயம் அசைந்தும் முன்சில்லு அசையாதாயின், தேய்ந்தவை இழுகோலின் இரு நுனிகளிலுமுள்ள போல் ஜொயின்ற்றுகள், அல்லது முன்சில்லைத் தாங்கும் குத்தாணிகள். இவற்றின் விலை பெட்டியின் விலையிற் சிறு பங்கேயாம். பெட்டியைக் குறைகூறி மாற்றிய பின்னரும் ஆட்டம் போகாத இயந்திரங்களிற் பலவற்றின் குறை இதுவே.

எண்ணெய் அமுக்கத்தால் உதவிபெறும் சுக்கான், அஃதாவது பவர் ஸ்ரியரிங், பாரமாகிவிட்டால் முதலில் முன் ரயரின் காற்றையும், பம்பியைச் சுழற்றும் பட்டியின் இறுக்கத்தையும், எண்ணெயின் அளவையும் பார்த்தல் வேண்டும். எண்ணெய் நுரைத்திருப்பின் குழாயினுட் காற்றுப் புகுந்துள்ளது என்பது பொருள்.

பெட்டியின் மேலுள்ள திருகாணியை இறுக்கி ஆட்டத்தைப் போக்குவது பரவலான வழக்கம். சிறிதளவு இறுக்குவது தகும். நேரே செல்லுமிடத்திலேயே பற்கள் மிகுதியாகத் தேய்கின்றன. அவ்விடத்து ஆட்டம் முற்றும் நீங்கும்வரை இறுக்கினால், தேயாத ஓரங்களிற் பெட்டி பிடித்துக்கொள்ளும். திரும்பிய சுக்கான் மீளாது நிற்கும் இயந்திரம், ஆட்டமுள்ள இயந்திரத்தினும் பொல்லாதது.

பேர்குசன் என்ற பெயர் மட்டும் போதாது

பேர்குசன் ரி.ஈ. 20 என்னும் சாம்பல்நிற இயந்திரம் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஆக்கப்பட்டது. அதன் சுக்கான் தண்டின் அடியில் ஒரு சிறு சாய்பற்சில்லு உண்டு; அது இரு புறமுமுள்ள இரு பாதிப் பற்சில்லுகளைத் திருப்பும். 1956 இல் வந்த 35 என்னும் மாதிரியில் இவ்வமைப்பு நீங்கி, சிறு உருக்குக் குண்டுகள் உருண்டோடும் மரையும் இரு புயத்தண்டுகளும் கொண்ட பெட்டி இடப்பட்டது. 1964 இல் 135 தோன்றியது. பின்னர் சென்னையில் 1960 இல் நிறுவப்பட்ட டஃபே நிறுவனமும், லாகூரிலுள்ள மில்லற் நிறுவனமும் இம்மரபில் வந்த இயந்திரங்களை ஆக்கின. எனவே ‘மெசி’ என்று மட்டும் கடையிற் கூறுவது, நோயாளியின் ஊர்ப்பெயரைக் கூறி மருந்து கேட்பது போலாகும். சுக்கானுக்கு அண்மையில், மானிகள் உள்ள பலகையிற் பதித்த தகட்டின் இலக்கத்தை முழுமையாக எழுதிச் செல்லல் வேண்டும். தகடு மாற்றப்பட்டிருக்கலாம், பெட்டியும் முன்னொருகால் மாற்றப்பட்டிருக்கலாம். ஆதலாற் பெட்டியின் வார்ப்பிலே புடைத்து நிற்கும் இலக்கத்தையும், மண்ணெண்ணெயாற் கழுவித் துடைத்தபின், எழுதிக்கொள்வது நன்று.

இவ்வியந்திரங்களில் மற்றொரு தனித்தன்மை உண்டு. பெட்டியின் இரு புறமும் புயங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இழுகோல் எஞ்சினின் பக்கத்தால் தன் முன்சில்லுக்குச் செல்கின்றது. மரக்கறிப் பாத்திகளின் அகலத்துக்கேற்ப முன்சில்லுகளின் இடைவெளியை மாற்றினும் இழுகோலின் நீளத்தை மாற்றவேண்டாத வண்ணம் அச்சு பின்னோக்கிச் சாய்த்து அமைக்கப்பட்டுள்ளது. நல்ல உபாயமே. ஆயினும் இரு சில்லுகளும் ஒன்றோடொன்று இணங்கித் திரும்புவது பெட்டியினுள்ளிருக்கும் பற்களாலேயாம். பெட்டியைப் பிரித்துப் பூட்டுபவர் பற்களிலுள்ள அடையாளப் புள்ளிகளை ஒன்றுக்கொன்று நேராக வையாது ஒரு பல் தவறவிட்டால், ஒரு சில்லு நேரே நிற்க மற்றது சாய்ந்து நிற்கும். முன் ரயர் விரைவிற் கரையும். இழுகோலை நீட்டியோ குறுக்கியோ அப்பிழையை மறைப்பின், ஒருபுறத் திருப்பம் குறைந்துவிடும்.

எண்ணெய் வலு சேரும் இடம்

பவர் ஸ்ரியரிங் யாவும் ஒன்றல்ல. சிலவற்றிற் பெட்டியினுள்ளேயே எண்ணெயால் தள்ளப்படும் முசலம் இருக்கும். சிலவற்றிற் சாதாரண பெட்டியே இருக்க, தனியான உருளை ஒன்று இழுகோலைத் தள்ளும். வேறு சிலவற்றிற் பற்பெட்டியே இல்லை. சுக்கானின் அடியிலுள்ள சிறு அலகு எண்ணெயை அளந்து முன்னச்சின் உருளைக்கு அனுப்பும். இம்மூன்றாம் வகையிற் சுக்கானுக்கும் சில்லுக்கும் இடையே இரும்பாலான தொடர்பு கிடையாது. வயலில் மெதுவாகச் செல்லும் இயந்திரத்துக்கு அது பொருந்தும். வீதியில் விரைந்து செல்லும் லொறிக்கு அதனைப் பூட்டுதல் தகாது. எவ்வகையென அறியாது உதிரிப்பாகம் வாங்கலாகாது. ஒரு வகைக்குரிய பம்பி மற்றொன்றுக்கு அமுக்கத்திலோ எண்ணெயின் அளவிலோ ஒவ்வாது போகலாம்.

கடையில் ஒப்புநோக்கல்

பழைய பெட்டியைக் கழற்றிக் கையோடு கொண்டுசெல்வதே சிறந்த வழி. பூட்டும் போல்ற்றுத் துளைகளின் எண்ணிக்கை, அவற்றின் இடைவெளி ஆகியன எவருக்கும் தெரிபவை. அவற்றிற் பிழை நேர்வது அரிது. தவறு நேர்வது மறைந்த இடங்களிலேயாம். புயம் பூட்டும் தண்டின் நுனியிலுள்ள வரிப்பற்களைச் சுண்ணக்கட்டியால் ஒன்றில் அடையாளமிட்டு எண்ணல் வேண்டும். ஓரிரு பல் வேறுபட்ட புயத்தைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவோர் உளர். அது வீதியிற் கழன்று விழும்.

அடுத்து, சுக்கான் தண்டை ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைவரை திருப்பிச் சுற்றுகளை எண்ணல் வேண்டும். சுற்றுகள் குறைந்தால் சுக்கான் பாரமாகும். கூடினால், வரம்பில் திரும்பக் கை ஓயும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது திரும்பும் திசை. இரு பெட்டிகளையும் இயந்திரத்தில் இருக்கும் நிலையிலேயே பிடித்து, தண்டை வலஞ்சுழியாகத் திருப்பி, புயம் முன்னே செல்கின்றதா பின்னே செல்கின்றதா என நோக்கல் வேண்டும். மரக்கறியைச் சந்தைக்கு ஏற்றும் சிறு லொறிகளுக்குப் பழைய பெட்டி வாங்குவோர் இதில் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும். இடப்புறம் சாரதி அமரும் நாடுகளின் வாகனத்திலிருந்து கழற்றிய பெட்டி, பெயரும் மாதிரியும் ஒன்றாயினும், பல மாதிரிகளில் எதிர்த்திசையிலேயே புயத்தைத் திருப்பும்.

குழாய் நட்டுகளும் ஏமாற்றுவன. எட்டில் ஐந்து அங்குல நட்டும் 16 மில்லிமீற்றர் நட்டும் கண்ணுக்கு ஒன்றே. முன்னதன் விட்டம் 15.875 மில்லிமீற்றர். ஒன்றின் மரையில் மற்றது ஓரிரு சுற்று ஏறிப் பின் இறுகும். கையால் இலகுவிற் செல்லாத நட்டைச் சாவியால் இறுக்குதல் பெட்டியின் மரையை அழிப்பதாகும்.

பழைய பெட்டியை மாற்றாகக் கொடுத்து விலை குறைக்குமாறு கடைக்காரர் கேட்பதுண்டு. புதியது பூட்டப்பட்டு ஒரு நாள் உழுது முடியும்வரை அதனைக் கொடுத்துவிடலாகாது.

பூட்டும்போது

பெட்டியை நடுநிலையில் வைத்தே புயத்தை இணைத்தல் வேண்டும். எல்லைக்கு எல்லை நான்கு சுற்றாயின், ஓர் எல்லையிலிருந்து இரண்டு சுற்று மீட்டால் நடுவாம். முன்சில்லுகள் நேரே நிற்க இழுகோலின் நீளம் அதற்கு இசைக்கப்படும். சில்லு முன்னச்சிலுள்ள தடையைத் தொட்ட பின்னரும் பெட்டியுள் சிறிது திருப்பம் எஞ்சியிருத்தல் வேண்டும். இல்லையேல் குழியில் விழும் அடி முழுவதையும் பெட்டியின் பற்களே தாங்கும்.

எண்ணெய்ப் பெட்டியாயின், உற்பத்தியாளர் குறித்த எண்ணெயையே இடுதல் வேண்டும். பிறேக் எண்ணெய் சீல்களை ஊதச்செய்து கெடுக்கும். முன்சில்லுகளை உயர்த்தி, எஞ்சினை இயக்காது சுக்கானை எல்லைக்கு எல்லை பலமுறை மெதுவாகத் திருப்பி, எண்ணெய் குறையக் குறைய நிரப்பி, அதன் பின்னரே எஞ்சினை மெல்ல இயக்கல் வேண்டும். எல்லையில் திருப்பிப் பிடித்தவாறு சில நொடிக்கு மேல் வைத்தால் எண்ணெய் கொதித்துப் பம்பி கெடும். முதல் நாள் உழவு முடிந்ததும் போல்ற்றுகளையும் புயத்தின் நட்டையும் மீண்டும் இறுக்கிப் பார்த்து, எண்ணெய் கசிகின்றதா என வெள்ளைத் துணியால் துடைத்து அறிதல் வேண்டும்.