ஒரு சின்னமும் ஒரு புள்ளியும்

போரூரிலிருந்து பூந்தமல்லிக்குப் பேருந்தில் செல்பவர்கள், வழியில் எத்தனை பெயர்ப்பலகைகள் கண்ணில் படுகின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? மருந்துக்கடை, மளிகைக்கடை, பாத்திரக்கடை, பல் மருத்துவர், தட்டச்சுப் பயிற்சி என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஐயப்பன்தாங்கல் பணிமனையை அடைவதற்குள் நம் எண்ணிக்கை தவறிவிடும். ஓடும் பேருந்திலிருந்து அத்தனை எழுத்துக்களையும் படிக்க யாருக்கு நேரம்? ஆயினும் சில பலகைகளைப் படிக்காமலேயே நாம் அறிந்துகொள்கிறோம். நீல வட்டம், நடுவே சிறு வெள்ளை வட்டம், அதிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு. உடனே ஸ்டேட் வங்கி என்று குழந்தையும் சொல்லும். இப்படிப் படிக்க வைக்காமல் அடையாளம் காட்டுவதே சின்னத்தின் வேலை. 'லோகோ' என்று சொன்னால்தான் இன்று எல்லோருக்கும் எளிதில் விளங்குகிறது.

1951-52இல் நம் நாட்டின் முதற் பொதுத்தேர்தல் நடந்தபோது, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேரே. ஆகவே வேட்பாளர்களை அடையாளம் காண வாக்காளர்களுக்குச் சின்னங்கள் தேவைப்பட்டன. படிக்கத் தெரியாதவருக்கு அன்று உதவிய அதே உபாயம், படிக்க நேரமில்லாத நமக்கும் இன்று உதவுகிறது.

சின்னத்தை வரைவது ஒரு கலை. வரைந்ததைப் பிறரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது இன்னொரு கலை. முன்னதைப் பற்றி எழுத எங்களுக்குத் தகுதி இல்லை. பின்னதைச் சென்ற ஆண்டு இறுதியில் நாங்கள் நால்வர் அருகிலிருந்து பார்த்தோம். அதைத்தான் இங்கே விளக்க விரும்புகிறோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்கா, மாதச் சம்பளம் தந்த வேலையை விட்டுவிட்டு, ஐயப்பன்தாங்கலில் ஒரு மாடியறையில் சிறிய டிசைன் ஸ்டூடியோ ஒன்றைத் தொடங்கினார். அவரும் அவருடைய சிநேகிதியும் ஆக இருவர், இரண்டு கணினிகள், ஒரு மேசை. கல்யாணப் பத்திரிகை, கடைப் பெயர்ப்பலகை, இனிப்புப் பெட்டியின் மேலட்டை, ஆண்டு மலர் ஆகியவற்றை வடிவமைத்துத் தருவது அவர்கள் தொழில். வீட்டில் எல்லோருக்கும் கவலை. முன்பணமும் மூன்று மாத வாடகையும் கொடுத்தாயிற்று. தை பிறந்ததும் பலகை மாட்டவேண்டும். பலகை செய்பவரிடமும் பாதிப் பணம் போய்விட்டது. ஒருமுறை மாட்டிவிட்டால் அதைக் கழற்றி வேறு செய்ய இப்போதைக்குக் கையில் காசில்லை.

மற்றக் கடைகளுக்கில்லாத ஒரு சங்கடம் இவர்களுக்கு உண்டு. மிட்டாய்க் கடைக்காரரின் பலகை கோணலாக இருந்தாலும் மைசூர்ப்பாகு நன்றாயிருந்தால் கூட்டம் வரும். டிசைன் ஸ்டூடியோவோ படத்தையே விற்கிறது. மாடிப்படி ஏறி வருவதா வேண்டாமா என்பதை வாடிக்கையாளர் வாசலிலுள்ள சின்னத்தைப் பார்த்தே தீர்மானித்துவிடுவார். தையற்காரர் தம் சட்டையைக் கிழிசலாகப் போட்டுக்கொண்டு நின்றால் யார் துணி கொடுப்பார்கள்?

அக்கா வரைந்த சின்னத்தைச் சொல்கிறோம். நிறுவனத்தின் பெயர் 'வ' என்ற எழுத்தில் தொடங்குகிறது. அந்த 'வ'வை, கையை எடுக்காமல் இழுத்த கோலக் கோடு போல, ஒரே இழையாக வளைத்திருந்தார். இடப்புறம் சுழி, அடியில் நீண்ட கோடு, வலப்புறம் நிமிர்ந்த கோடு. அந்த நிமிர்ந்த கோட்டின் தலைக்கு மேலே ஒரு புள்ளி. கோலம் புள்ளியில் தொடங்குவது போல எங்கள் வேலையும் ஒரு புள்ளியில் தொடங்குகிறது என்பது அவர் எண்ணம். எங்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

முதலில் வீட்டாரிடம் காட்டினார். "நன்றாயிருக்கிறதா?" என்று கேட்டார். "நன்றாயிருக்கிறதம்மா" என்றார் அப்பா. அம்மாவும் அதையே சொன்னார். பெரியம்மா ஒரு படி மேலே போய், கண்ணேறு படும் என்று சுற்றிப் போட்டார். இதில் வியப்பென்ன? வேலையை விட்டுவிட்டு அச்சத்தோடு நிற்கும் பெண்ணிடம் பெற்றவர்கள் வேறு என்ன சொல்வார்கள்! அன்பினால் சொன்ன பதில் அது. படத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. கேள்வியும் சரியில்லை என்பதை அக்கா அன்றே கண்டுகொண்டார். 'நன்றாயிருக்கிறதா' என்று கேட்டால் 'ஆம்' என்ற விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறதன்றோ?

ஆகவே முறையை மாற்றினார். படத்தை ஓர் அட்டையில் ஒட்டி எங்களிடம் கொடுத்தார். தெரிந்தவர் தெரியாதவர் என்று பாராமல் காட்டவேண்டும். மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை காட்டிவிட்டு மறைத்துவிடவேண்டும். பேருந்திலிருந்து பார்ப்பவருக்கு அவ்வளவு நேரந்தானே கிடைக்கும்! பிறகு, "என்ன பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்கவேண்டும். அது எந்த எழுத்து, என்ன பொருள் என்று நாங்கள் விளக்கக் கூடாது. மாட்டிய பலகைக்குக் கீழே நின்று யாரும் விளக்கவுரை சொல்லப் போவதில்லை என்றார். முடிந்தால் பார்த்ததை நினைவிலிருந்து ஒரு தாளில் வரைந்து காட்டச் சொல்லவேண்டும். அவர்கள் சொல்வதை மறுத்துப் பேசாமல் எழுதிக்கொண்டு வரவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் எங்களுக்கு மிகக் கடினமாயிருந்தது.

எங்கள் வகுப்பில்தான் தொடங்கினோம். ஒருத்தி மயிலிறகு சேர்க்கச் சொன்னாள். ஒருத்தி பளபளக்கும் ஊதா நிறம் வேண்டும் என்றாள். வண்ணத்துப்பூச்சி கேட்டவர்களும் உண்டு. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தோம். அக்கா படித்துச் சிரித்துவிட்டு ஓரமாக வைத்தார். அவர் செய்தது நியாயமே. பத்தாம் வகுப்பு மாணவிக்குக் கல்யாணப் பத்திரிகை எதற்கு? கருத்துச் சொல்பவர் அந்தப் பொருளை வாங்கக்கூடியவரா என்பதையும் பார்க்கவேண்டியிருக்கிறது.

கைவேலை கற்பிக்கும் சிஸ்டர் அட்டையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்கள். நிறத்தைப் பற்றியோ அழகைப் பற்றியோ பேசவில்லை. "இதைச் சட்டைப் பையில் நூலால் தைக்க முடியுமா? கோடு மிகவும் மெலிந்திருக்கிறதே" என்றார்கள். அச்சும் திரையும் மட்டுமே அறிந்த எங்களுக்கு இது தோன்றவே இல்லை. அன்று மாலையே அக்கா படத்தைப் பல அளவுகளில் எடுத்துப் பார்த்தார். கைப்பேசியில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கியபோது கோடு தலைமுடி போலாகிவிட்டது. ஜெராக்ஸ் எடுத்தபோது பச்சையும் நீலமும் ஒரே சாம்பல் நிறமாயின. ரப்பர் ஸ்டாம்புக்கு மாதிரி செய்தபோது சுழியில் மை அடைத்துக்கொண்டது. நல்ல சின்னம் ஒரே கறுப்பு மையிலும், ஒரு பொத்தான் அளவிலும் பிழைத்து நிற்கவேண்டும் என்று இத்தொழிலில் இருப்பவர்கள் கூறுவதன் காரணம் அப்போது எங்களுக்குப் புரிந்தது.

இனிப் புள்ளிக்கு வருவோம். எங்கள் தமிழாசிரியை படத்தைக் கண்டவுடனே, "'வ்' என்று மெய்யெழுத்தாக எழுதியிருக்கிறதே, எந்தச் சொல் 'வ்' என்று தொடங்கும்? புள்ளியை எடுத்துவிடச் சொல்" என்றார். எங்கள் தோழி ஒருத்தியின் தம்பி, முதல் வகுப்புப் படிப்பவன், பார்த்த மாத்திரத்தில் "நத்தை!" என்று கத்தினான். உண்மையிலேயே சுழி நத்தையின் ஓடு, அடிக்கோடு அதன் உடல், நிமிர்ந்த கோடு தூக்கிய தலை, புள்ளி அதன் கண்! ஒரு கண்தான் இருக்கிறது, இன்னொன்றும் வரையவேண்டும் என்பது அவன் யோசனை. ஜெராக்ஸ் கடை அண்ணனோ, "பாப்பா, இது என்ன, மெஷினில் அழுக்கு விழுந்துவிட்டதா? வைப்பதென்றால் பெரிதாக வைக்கச் சொல்" என்றார். பார்த்ததை வரைந்து காட்டியவர்களில் பலர் புள்ளியை வரையவே மறந்திருந்தனர்.

எங்கள் நோட்டைப் பார்த்து நாங்கள் குழம்பிப் போனோம். ஒருவர் எடு என்கிறார், ஒருவன் இன்னொன்று சேர் என்கிறான், ஒருவர் பெரிதாக்கு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? அக்கா நோட்டை வாங்கி, யோசனைகளையெல்லாம் பென்சிலால் அடித்துவிட்டார். மீந்திருந்த சொல் 'புள்ளி' ஒன்றே. மூவரும் மூன்று மருந்து சொன்னாலும் ஒரே இடத்தைத்தான் தொட்டுக் காட்டினார்கள் என்றார். வலிக்கும் இடத்தை நோயாளி காட்டலாம், மருந்தை வைத்தியர்தாம் எழுதவேண்டும் என்றும் சொன்னார். கருத்துக் கேட்பதில் நாங்கள் கற்றவற்றுள் இதையே முதன்மையாகக் கருதுகிறோம்.

அப்படியானால் பலர் குறை சொன்னால் மாற்றிவிடுவதே நல்லதா? அதற்கும் ஒரே விடை இல்லை. அமெரிக்காவின் 'கேப்' என்ற ஆடை நிறுவனம் 2010 அக்டோபரில் தன் பழைய சின்னத்தை மாற்றியது. இணையத்தில் எழுந்த ஏளனத்தைத் தாங்காமல் ஏறக்குறைய ஒரே வாரத்தில் பழையதற்கே திரும்பியது. லண்டன் ஒலிம்பிக் போட்டிக்கான சின்னம் 2007 ஜூனில் வெளியானபோதும் அதே ஏளனம்தான். அதைக் கைவிடக் கோரிய விண்ணப்பத்தில் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். அமைப்பாளர்கள் அசையவில்லை. 2012இல் போட்டிகள் அதே சின்னத்துடன் நடந்து முடிந்தன. 2020 டிசம்பரில் 'மிந்த்ரா' நிறுவனத்தின் சின்னம் பெண்களை இழிவுபடுத்துவதாக ஒரு பெண்மணி மும்பை காவல்துறையிடம் முறையிட்டார். நிறுவனம் சின்னத்தை மாற்றிக்கொண்டது. எத்தனை பேர் சொன்னார்கள் என்பதைவிட என்ன சொன்னார்கள் என்பதற்கே எடை அதிகம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

முதற்பார்வையில் மனத்தைக் கவராத சின்னங்களும் உண்டு. 'நைக்' நிறுவனத்தின் வளைந்த கோட்டை 1971இல் வரைந்தவர் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி. அதற்கு அவர் பெற்ற ஊதியம் 35 டாலர். நிறுவனத்தின் தலைவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லையாம், போகப் போகப் பிடிக்கும் என்று ஏற்றுக்கொண்டாராம். நம் தூர்தர்ஷனின் சின்னத்தை வரைந்த தேவாசிஷ் பட்டாச்சார்யாவும் அப்போது அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவரே. ஸ்டேட் வங்கியின் வட்டத்தை 1971இல் அந்நிறுவனத்தின் சேகர் காமத் வடிவமைத்தார். அதில் சிலர் சாவித் துவாரத்தைக் காண்கிறார்கள், சிலர் ஓர் ஏரியைக் காண்கிறார்கள். வங்கிக்கு அதனால் ஒரு நட்டமுமில்லை.

நம் தமிழகத்தைப் பற்றிச் சொல்லாமல் விடலாமா? ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் 1949இல் வரைந்த அரசு முத்திரையில் கோபுரம் இடம்பெற்றபோது, கோயில் கோபுரம் பொதுச் சின்னமாகலாமா என்ற கேள்வி எழுந்தது. கோபுரம் நின்றது. அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பாரும் மதுரைக் கோபுரம் என்பாரும் இன்றும் இருக்கின்றனர். ரூபாய்க் குறியை உருவாக்கிய உதயகுமார் தர்மலிங்கம் தமிழர். சென்னையில் கட்டடக்கலை பயின்று, மும்பை ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்துருக்களை ஆராய்ந்தவர். 2009இல் அறிவிக்கப்பட்ட போட்டிக்கு 3,000க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. இறுதிச் சுற்றுக்கு ஐந்து தேறின. அவற்றுள் இவருடையதை மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. தேவநாகரி 'ர'வையும், தண்டுக்கோடு நீங்கிய ஆங்கில 'ஆர்' எழுத்தையும் இணைத்த குறி அது. அந்த விளக்கம் எதுவும் தெரியாமலே காய்கறிக் கடைக்காரர் சாக்பீஸால் அதை இரண்டு இழுப்பில் எழுதிவிடுகிறார். வரைந்தவருக்கு இதைவிட நல்ல கருத்துரை யார் கொடுக்க முடியும்?

எங்கள் அக்கா புள்ளியை எடுக்கவில்லை, பெரிதாக்கவுமில்லை. புள்ளி போனால் கோலமே போய்விடும் என்றார். இரண்டு நாள் வெறும் தாளில் சிக்குக் கோலமாகப் போட்டுக்கொண்டிருந்தார். சிக்குக் கோலத்தில் புள்ளி கோட்டுக்கு வெளியே நிற்பதில்லை, கோடு அதைச் சுற்றி வளைந்து போகும். ஆகவே புள்ளியைத் தலையிலிருந்து இறக்கி, 'வ'வின் சுழிக்குள் வைத்தார். சுழியைச் சற்று அகலமாக்கி, கோட்டையும் தடிப்பாக்கினார். இப்போது அது மெய்யெழுத்தும் இல்லை, அழுக்கும் இல்லை. இந்த யோசனையை எங்கள் நோட்டில் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. ரப்பர் ஸ்டாம்புக்கு மட்டும் புள்ளியில்லாத வேறொரு வடிவத்தைச் செய்துகொண்டார்.

புதிய படத்தை மீண்டும் ஐந்து எண்ணும் வரை காட்டினோம். தமிழாசிரியை "வ" என்று படித்தார். அந்தச் சிறுவன் மட்டும் சிறிது யோசித்துவிட்டு, "நத்தை ஓட்டுக்குள்ளே போயிடுச்சு" என்றான். அக்கா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு, படத்தைப் பலகை செய்பவருக்கு அனுப்பிவிட்டார்.